'பாடல் காட்சிகள்' அல்ல

ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் 'யெவ்கேனி ஒனேகின்' ஓபராவை (பாடியே நடத்தும் நாடகம்) பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் அதன் துணைத்தலைப்பைத் திரும்பத் திரும்பப் 'பாடல் காட்சிகள்' என்றே பெயர்க்கிறார்கள். தவறு. ரஷ்ய மூலத்தில் இருப்பது 'லிரீச்செஸ்கியே ஸ்த்ஸேனி'. இரண்டாம் சொல் காட்சிகள்தான். கோளாறு முதற்சொல்லில்.

'லிரா' யாழ் போன்ற கிரேக்க நரம்புக் கருவி. அதை மீட்டிப் பாடியது லிரிக். பிற்பாடு கருவி உதிர்ந்தது. ஒருவர் தம் நெஞ்சில் உள்ளதைத் தம் குரலில் சொல்லும் கவிதைக்கு அது பெயராயிற்று. காப்பியம், லிரிக்கா, நாடகம் என ரஷ்யர்கள் இலக்கியத்தைப் பகுப்பதில் நடுவில் நிற்பது இதுவே. ஆங்கிலத்தில் பாட்டு வரி என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது. 'லிரிக் வீடியோ' பார்த்துப் பழகிய நம்மவர்கள் ரஷ்யச் சொல்லுக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள்.

பிரெஞ்சில் 'லிரீக்' என்றால் பாடப்படுவது என்றும் பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை பாடியே நடத்தும் ஒரு படைப்பைப் 'பாடல் காட்சிகள்' என்பதில் என்ன செய்தி இருக்கிறது? போதாக்குறைக்கு, தமிழில் பாடல் காட்சி என்றால் சினிமாவில் கதையை நிறுத்திவிட்டு நாயகனும் நாயகியும் ஆடும் இடம். ஒனேகினில் கதை நகர்வதே பாட்டுக்குள்தான்.

1877–78இல் இதை எழுதியபோது சாய்க்கோவ்ஸ்கி ஆடம்பர ஓபராவை விரும்பவில்லை. கவிஞர் புஷ்கினின் அதே பெயர்ச் செய்யுள் நாவலிலிருந்து ஏழு காட்சிகளை மட்டும் எடுத்தார். ஒனேகின் இல்லாத வீட்டுக்கு, அவனைக் காதலிக்கும் நாயகி தத்யானா போய் அவன் புத்தகங்களைப் புரட்டும் அருமையான பகுதியைக்கூட விட்டுவிட்டார். 1879இல் மாஸ்கோ மாலி அரங்கில் முதலில் பாடியவர்கள் இசைப்பள்ளி மாணவர்கள். அவருக்கு வேண்டியிருந்தது மனத்தின் அசைவு. ஒனேகினுக்குக் காதல் கடிதம் எழுதும் இரவுக் காட்சியில் தாதியை அனுப்பிவிட்டுத் தத்யானா பத்து நிமிடத்துக்கு மேல் தனியாகப் பாடுகிறாள்; எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். ஒனேகின் அந்தக் காதலை மறுக்கிறான். பல ஆண்டு கழித்து பீட்டர்ஸ்பர்க் விருந்தில், கிரேமின் கோமகனின் மனைவியாக அவளைக் கண்டு அவன் நெஞ்சு பற்றுகிறது. அப்போது அவன் பாடுவது அந்த இரவில் அவள் பாடிய அதே மெட்டு! அவன் காலந்தாழ்ந்து வந்ததை மெட்டே சொல்லிவிடுகிறது. 'லிரீச்செஸ்கியே' என்ற சொல் குறிப்பது இதைத்தான்.

எனவே 'தன்னுணர்ச்சிக் காட்சிகள்' என்பதே சரி. தன்னுணர்ச்சிப் பாடல் என்ற வழக்கு தமிழ்த் திறனாய்வில் ஏற்கெனவே வேரூன்றியது; புதிதாக எதையும் உருட்டத் தேவையில்லை. வெறும் 'உணர்ச்சிக் காட்சிகள்' என்றால் கண்ணீர் நாடகம் ஆகிவிடும். 'அகக் காட்சிகள்' காதுக்கு இனிது, ஆனால் பொருந்தாது. அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்பது தொல்காப்பிய விதி; காதலர் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. இங்கோ நாயகன் பெயரே தலைப்பு. தவிர, அகக்காட்சி என்றால் இன்று உள்ளொளி என்றுதான் படிப்பார்கள்.

சுவரொட்டியில் இடம் போதாதென்றால் 'ஏழு காட்சிகள்' என்று மட்டும் போடலாம். அதில் பிழை இல்லை.