கண்ணாடித் தொட்டிக்குள் வெயில்: ஊர்வனவற்றின் புற ஊதா விளக்கு எப்போது ஆபத்தாகிறது?

புது விளக்கு மாட்டி இரண்டு நாள் ஆகியிருக்கும். தொட்டியில் வளர்க்கும் பியர்டட் டிராகன் என்ற ஓணான் எப்போதும் உட்காரும் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கண் இரண்டும் மூடியிருக்கின்றன. முன்னால் ஒரு பூச்சியை விட்டால் அது ஊரும் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்புகிறது, கண்ணைத் திறக்கவில்லை. இமையோரம் லேசான வீக்கம். பார்க்கிறவருக்கு, வெதுவெதுப்பில் சொக்கித் தூங்குவதாகத் தோன்றும். பகலில் நடமாடும் ஓணான் இனம் நட்டநடுப் பகலில் விளக்கடியில் அப்படித் தூங்காது. அதற்குக் கண் வலிக்கிறது.

இந்த விளக்கை வாங்கியவர் அக்கறையோடுதான் வாங்கியிருப்பார். புற ஊதா ஒளி கிடைக்காவிட்டால் எலும்பு வளைந்து, தாடை மெத்தென்று ஆகி, கால் நடுங்கி விலங்கு செத்தே போகலாம் என்று கேள்விப்பட்டுத்தான் வாங்கியிருப்பார். அது உண்மையும்கூட. எனவே விளக்கு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த விளக்கு சூரியனை எந்த அளவுக்குப் போலச் செய்கிறது, எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதைப் பயமில்லாமல் பயன்படுத்த முடியும்.

முதலில் அந்த ஒளி உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற கொழுப்புப்பொருள் இருக்கிறது. புற ஊதாவில் யூவி-பி எனப்படும் பகுதி, குறிப்பாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம், அதன் மேல் பட்டதும் அதன் மூலக்கூறில் ஒரு வளையம் திறந்துகொள்கிறது. அப்படிப் பிறப்பதுதான் வைட்டமின் டி3-இன் முன்வடிவம். அது உடல் சூட்டில் மெதுவாக டி3 ஆகிறது. அப்புறம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் ஒவ்வொரு மாற்றம் நடந்து, குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவும் ஹார்மோனாகிறது. ஒளியோடு சூடும் தேவை என்பதைக் கவனியுங்கள். பின்னால் இது முக்கியமாக வரும்.

சூரிய ஒளியில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. முன்வடிவம் தேவைக்கு மேல் சேர்ந்தால், அதே சூரிய ஒளியில் உள்ள சற்று நீளமான அலைகள் அதை லூமிஸ்டெரால், டாக்கிஸ்டெரால் போன்ற தீங்கில்லாத பொருள்களாக மாற்றிவிடுகின்றன. மிஞ்சிய டி3-யும் இப்படியே சிதைகிறது. எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தாலும் வெயிலால் மட்டும் டி3 நஞ்சாவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஒரு விளக்கு குறுகிய அலைகளை மட்டும் அள்ளிக்கொட்டி, 315 முதல் 335 நானோமீட்டர் வரையுள்ள பகுதியைத் தராமல் போனால், இந்தத் தடுப்பு பலவீனமாகிவிடும். யூவி-பி எல்.இ.டி. விளக்குகளை வாங்கும்போது இதைக் கேட்டே வாங்க வேண்டும். அவற்றில் சில ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே ஒளிர்கின்றன.

சூரிய ஒளியில் கெட்டதை வழியிலேயே நிறுத்திவிடும் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. அதாவது ஓசோன் படலம். சுமார் 290 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளத்தில் தரைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பூமியில் வாழும் எந்த ஓணானின் தோலும் எந்த ஆமையின் கண்ணும் அந்தப் பகுதியைச் சந்தித்துப் பழகியதில்லை. விளக்குக்கோ ஓசோன் படலம் கிடையாது. அதன் கண்ணாடியும் உள்பூச்சும் என்ன அனுமதிக்கின்றனவோ அதுதான் வெளியே வரும்.

டியூப் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது பெரும்பாலும் 254 நானோமீட்டர் ஒளி பிறக்கிறது. இது யூவி-சி, கிருமிகளைக் கொல்லும் ஒளி. குழாயின் உட்சுவரில் பூசிய பாஸ்பர் தூள் அதை உறிஞ்சி, நீளமான அலைகளாக மாற்றி வெளிவிடுகிறது. எஞ்சியதைக் கண்ணாடி நிறுத்த வேண்டும். எந்தப் பாஸ்பர், எந்தக் கண்ணாடி என்பதில்தான் ஒரு விளக்கின் குணமே அடங்கியிருக்கிறது. 2000-களின் நடுவில் சந்தைக்கு வந்த சில சி.எஃப்.எல். வகை விளக்குகளில் இந்தத் தேர்வு தவறியது. 290-க்குக் கீழேயும் ஒளி கசிந்தது. கண் மூடிய ஓணான்கள், இமை வீங்கிய ஆமைகள் என்று பல இடங்களிலிருந்து புகார்கள் வந்தன. ஒரு ராயல் பைத்தானுக்கும் ஒரு நீலநாக்கு அரணைக்கும் இப்படி ஏற்பட்ட கண், தோல் பாதிப்புகளை 2009-இல் ஒரு விலங்கு மருத்துவ ஆய்விதழ் விரிவாகப் பதிவு செய்தது.

கொஞ்சம் குறைந்த அலைநீளம் என்றால் அவ்வளவு வித்தியாசமா என்று கேட்கலாம். மனிதத் தோல் சிவப்பதை வைத்து உலகளவில் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி, ஒரே அளவு ஆற்றலுள்ள 298 நானோமீட்டர் ஒளி, 310 நானோமீட்டர் ஒளியைவிடச் சுமார் 13 மடங்கு சுடும். நடுவில் இருப்பது வெறும் 12 நானோமீட்டர். ஆகவே இரண்டு விளக்குகள் மொத்தத்தில் ஒரே அளவு யூவி-பி தந்தாலும், ஒன்று இதமாகவும் மற்றது கண்ணைப் புண்ணாக்குவதாகவும் இருக்க முடியும். அட்டைப் பெட்டியில் யூவி-பியின் பங்கு என்று போட்டிருக்கும் '5 சதவீதம்', '10 சதவீதம்' என்ற எண்களை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். யூவி இண்டெக்ஸ் என்பது புற ஊதா ஒளி தோலை எவ்வளவு சுடும் என்று சொல்லும் எண். அதைக் காட்டும் மீட்டர் இந்த வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மொத்த யூவி-பி மட்டும் காட்டும் மீட்டரால் அது முடியாது.

சரி, விளக்கு நல்ல விளக்குதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது தூரம். பல்ப் மாதிரி ஓரிடத்திலிருந்து ஒளி தரும் விளக்கில், தூரம் பாதியானால் ஒளியின் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். 30 சென்டிமீட்டரில் யூவி இண்டெக்ஸ் 3 காட்டும் பல்ப், 15 சென்டிமீட்டரில் 12-ஐ நெருங்கலாம். நீளமான டியூபில் இந்த ஏற்றம் இவ்வளவு செங்குத்தாக இருக்காது என்றாலும் இருக்கவே செய்யும். தொட்டியின் தரையில் வைத்து அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். பச்சோந்தி தரையில் உட்காராது, உச்சிக்கிளையைத் தேடிப் போகும். இகுவானா வலைமூடியில் முதுகு உரசும் வரை ஏறும். விலங்கு அதிகபட்சம் எவ்வளவு உயரம் ஏறுமோ அந்த இடத்தில், அதன் முதுகு இருக்கும் மட்டத்தில் அளக்க வேண்டும். விளக்குக்கும் விலங்குக்கும் நடுவில் இருந்த வலைமூடியை எடுத்துவிட்டாலோ, விளக்குக்குப் பின்னால் அலுமினியப் பிரதிபலிப்பான் சேர்த்தாலோ அளவு தடாலென்று ஏறும். மறுபுறம், சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-பியைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடி மூடியின் மேல் விளக்கு வைத்தால் மின்சாரம்தான் வீண்.

எவ்வளவு போதும்? இதற்கு விடை தேட கேரி ஃபெர்குசனும் சக ஆய்வாளர்களும் காட்டில் ஓணான்களையும் பாம்புகளையும் கண்ட இடத்திலேயே புற ஊதா அளவை அளந்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வு ஊர்வனவற்றை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. நிழலிலும் அந்தியிலும் திரிபவை முதல் மண்டலம். அவற்றுக்குக் கிடைக்கும் சராசரி யூவி இண்டெக்ஸ் 0.7-க்குள். நான்காவது மண்டலத்தில் வருபவை உச்சி வெயிலிலும் நடமாடுபவை. அவற்றுக்கே சராசரி 2.6 முதல் 3.5 வரைதான். வெப்பமண்டல நாடுகளில் நண்பகல் வெயில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அதே வெயிலில் வாழும் ஓணான் நாள் முழுக்க அதைக் குடிப்பதில்லை. காலையில் கொஞ்சம், பிறகு கல்லிடுக்கு, பிறகு இலைநிழல் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. உச்சி வெயிலில் நடமாடுபவைக்கும் சராசரி 3.5-ஐத் தாண்டவில்லை என்று பார்த்தபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

இன்னொரு ஆய்வு இதைவிட அழகானது. உணவில் வைட்டமின் டி3 குறைவாகக் கொடுத்த பேந்தர் பச்சோந்திகள், அதிகம் கொடுத்தவற்றைவிட அதிக நேரம் புற ஊதா ஒளியைத் தேடிப் போயின. தனக்கு எவ்வளவு தேவை என்பது அந்த உடம்புக்கு ஏதோ ஒரு வகையில் தெரிகிறது. ஒதுங்க ஓர் இடம் இருந்தால்தான் அந்த அறிவு பயன்படும். விளக்கு தொட்டியின் மொத்த நீளத்துக்கும் ஒரே சீராக எரிந்தால், போக்கிடமில்லாத வெயிலில் அதைக் கட்டிப்போட்டதற்குச் சமம். ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் முழு நிழல், நடுவில் அரைநிழல் என்று இருக்க வேண்டும்.

சூட்டைப் பற்றி முன்பு சொன்னது இங்கேதான் வருகிறது. ஊர்வன வெயில் காய வருவது பெரும்பாலும் சூட்டுக்காக. சூடு தரும் இடம் போதிய அளவு சுடவில்லை என்றால், உடம்பு சூடேறும் வரை அங்கேயே கிடக்கும். பத்து நிமிடத்தில் எழுந்து போயிருக்க வேண்டியது இரண்டு மணி நேரம் புற ஊதாவில் கிடக்கும். விளக்கின் அளவு சரியாக இருந்தும் தோல் கருகுவது இப்படியும் நடக்கும்.

ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். சூரியன் தலைக்கு மேலே இருக்கிறது. ஓணானின் புருவமேடும் இமையும் மேலிருந்து வரும் ஒளியைத் தடுக்கும்படி அமைந்தவை. பக்கவாட்டில் விளக்கை மாட்டினால் அந்தக் கூரையால் பயனில்லை, ஒளி நேராகக் கருவிழியில் விழும். பாம்புக்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது, கண்ணின் மேல் ஒளிபுகும் செதில்தான். அது கண்ணை மூடித் தப்பிக்க முடியாது. உடலில் நிறமி இல்லாத அல்பினோ வகைகளுக்கு எல்லா அளவையும் இன்னும் குறைத்தே வைக்க வேண்டும்.

மனிதர்களுக்கான ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். உயர் அழுத்தப் பாதரச ஆவி பல்பில், உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் குழாய் யூவி-சியையும் வெளிவிடும். வெளிக்கண்ணாடிதான் அதைத் தடுக்கிறது. அந்தக் கண்ணாடியில் விரிசல் விட்ட பிறகும் பல்ப் எரிந்துகொண்டிருக்கலாம். விரிசல் கண்ணில் பட்டால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். கிருமிநீக்கப் புற ஊதா விளக்கும் இதே போன்ற வடிவங்களில், 'யூவி விளக்கு' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகிறது. அதை மறந்தும் தொட்டிக்குள் மாட்டிவிடக் கூடாது. வெல்டிங் ஒளியைப் பார்த்தவருக்கு ராத்திரியில் கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்துமே, அதே பாதிப்புத்தான் இதிலும். ஒளி பட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வலி தொடங்குவதால், காரணத்தைக் கண்டுபிடிப்பதும் சிரமம். ஓணானுக்கும் பாதிப்பு உடனே வெளியே தெரிவதில்லை. நேற்று மாட்டிய விளக்கை இன்று சந்தேகிக்க நமக்குத் தோன்றுவதில்லை.

கண் மூடிக் கிடக்கும் ஓணானைப் பார்த்தால் முதல் வேலை அந்தப் புற ஊதா விளக்கை அணைப்பது. சூட்டை அணைக்க வேண்டாம், அதற்கு வேறு விளக்கோ செராமிக் ஹீட்டரோ வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண் சொட்டு மருந்தை நாமாக ஊற்றாமல், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். விளக்கை எந்தத் தேதியில் மாட்டினீர்கள், என்ன வகை, எவ்வளவு தூரம் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், விளக்கின் அட்டைப் பெட்டியையும் சேர்த்து.