மூளைக்குப் போடும் மாத்திரை ரத்தத்தில் என்ன செய்கிறது?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. "அந்த மாத்திரையை இப்போதைக்கு நிறுத்திவிடலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இந்த மாத்திரைகளில் பல, செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியாக வேலை செய்பவை. செரட்டோனின் என்றதும் நமக்கு மூளைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாகிறது. அது ரத்தத்தில் கலந்ததும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் என்ற சிறு அணுக்கள் அதை உறிஞ்சிச் சேமித்துக்கொள்கின்றன. எங்காவது ரத்தக் குழாய் கிழிந்தால், சேமித்ததை அங்கே கொட்டுகின்றன. அது மற்ற தட்டணுக்களையும் தூண்ட, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு போடுகின்றன.

தட்டணுக்களால் செரட்டோனினைத் தயாரிக்க முடியாது. அவற்றின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம் பம்பு மாதிரி அதை உள்ளே இழுக்கிறது. மூளையின் நரம்பு செல்களிலும் இருப்பது இதே பம்புதான். ஃப்ளூவோக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரைகள் அடைப்பதும் இதைத்தான். சில வாரங்களில் தட்டணுக்களின் சேமிப்பு கிட்டத்தட்ட காலியாகிவிடும். அதனால் ரத்தம் கசியும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

இதய அறுவை சிகிச்சையிலோ ஏற்கெனவே ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், இதயத்தின் வேலையைத் தற்காலிகமாகச் செய்தாலும் தட்டணுக்களைச் சேதப்படுத்தும் இதய நுரையீரல் இயந்திரம் என்று ரத்தக் கசிவுக்குக் காரணங்கள் ஏராளம். இத்தனைக்கும், பைபாஸ் நோயாளிகளை ஒப்பிட்ட பெரும்பாலான ஆய்வுகளில் இந்த மாத்திரைகளால் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாள் நிறுத்தினால்? தட்டணுக்களுக்கு அதனால் பலன் இல்லை. மருந்து உடம்பை விட்டுப் போக வேண்டும், அப்புறம் சேமிப்பு நிரம்ப வேண்டும். நோயாளிக்குத்தான் தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் இதில் மோசம். மனச்சோர்வு திரும்பினால் இன்னும் சிக்கல்: எழுந்து நடக்கவும் இதய மாத்திரைகளை வேளைக்குப் போடவும் மனம் வராது. மாரடைப்பு வந்தவர்களுக்கும் செர்ட்ராலின் பாதுகாப்பானது என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் பொதுவாக மருத்துவர்கள் மாத்திரையைத் தொடரவே சொல்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ரத்தக் கசிவைவிட அதிகம் பேச வேண்டியது மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தைப் பற்றித்தான். இதய அறுவை சிகிச்சையில் சிலருக்கு ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும். மற்ற மருந்துகளுக்கு அது மசியாதபோது இதைக் கொடுப்பதுண்டு. செரட்டோனினைச் சிதைக்கும் நொதியை இது முடக்குகிறது. பம்பை மாத்திரை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறது. இரண்டு வழியும் அடைபட்டால் மூளையில் செரட்டோனின் தேங்கி, கடும் காய்ச்சல், தசை விறைப்பு, மனக்குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இதுபற்றி எச்சரித்தது.

மனநல மாத்திரை என்பதால் பலர் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு மாத்திரையின் பெயர் முன்பே தெரிந்திருந்தால், அழுத்தம் விழும்போது வாசோப்ரெசின் போன்ற வேறு மருந்தை அவர் கையில் எடுப்பார்.