கண்ணாடி இல்லாமல் ஊசி கோர்க்கும் அம்மம்மா

அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் என்னிடம் கண் காட்ட வரும்போது, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஒரு பெருமையைச் சொல்லிவிடுவார்கள். "ஊசியில் நூல் கோர்க்க எனக்குக் கண்ணாடி வேண்டாம் மகள்." கூட வந்த பேத்தியும் தலையாட்டுவாள். நான் அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பேன்: "ஐம்பது வயதில் கண்ணாடி போட்டா கோர்த்தீர்கள்?" ஆம் என்று பதில் வந்தால், அந்தப் பெருமையில் எனக்குப் பங்கில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு தையல் வேலை. கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் தொழில். ஞாயிறு பின்னேரங்களில் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் எட்டுப் பெண்களோடு உட்கார்ந்து சின்னச் சின்ன குயில்ட் தைக்கிறேன். இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சையோ பழைய பருத்திப் போர்வைத் துண்டையோ வைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் அது குயில்ட். போர்த்திக்கொள்வதற்காகத் தைத்ததைச் சுவரில் மாட்டும் கலையாக்கியவர்கள் மேல்நாட்டுப் பெண்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் 1979இல் தொடங்கிய குயில்ட் நேஷனல் கண்காட்சி அதற்கு ஒரு பெரிய வாசல். எங்களுடையது ஓர் அடிக்கு ஓர் அடி, அவ்வளவுதான். ஆரையம்பதியிலிருந்து வரும் ஓர் அம்மா இதை இன்றுவரை "குயில்" என்றே சொல்லுகிறார். பழந்தமிழில் குயிற்றுதல் என்றால் பதித்தல். ஆகவே நாங்கள் திருத்தப் போகவில்லை.

விதி ஒன்றே ஒன்று. ஒரு புத்தகத்தின் தலைப்பை எடுத்துத் துணியில் சொல்ல வேண்டும். கதையைச் சொல்லக் கூடாது, தலைப்பு மட்டும். புத்தகத்தை வாசிக்காதவர்களுக்கு இது வசதி என்று நினைத்தோம். வாசித்தவர்கள்தான் திண்டாடினார்கள், கதை வந்து குறுக்கே நின்றது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் யாழ் நூலை ஒருவர் எடுத்தார். 1947இல் வந்த அந்தப் பெரிய ஆராய்ச்சியின் தலைப்பு துணிக்கென்றே வைத்தது போல இருக்கிறது. நூல் என்ற சொல் இரண்டு பக்கமும் பேசுகிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டி யாழுக்கு 7. நரம்பு ஒவ்வொன்றையும் காம்புத் தையலில் போட வேண்டும் என்றவுடன் அவர் கொஞ்சமும் யோசிக்காமல் செங்கோட்டிக்கு மாறிவிட்டார். நன்னூலில் நூல் எழுதுகிறவரை நூல் நூற்கிறவளோடு ஒப்பிடும் பாட்டு ஒன்று உண்டு. சொல் பஞ்சு, வாய் கை, மதி கதிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஈடு சொல்லிப் போகும். கண்ணுக்கு மட்டும் அதில் இடமில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் மனவருத்தப்படலாம்.

இனி ரீச்சர். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது அறுபத்தாறு. அடையாளங்களை மாற்றி, அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் எடுத்த தலைப்பில் கடல் இருந்தது. மருதமுனைக் கைத்தறிச் சேலைகளின் ஓரத்துண்டுகளைக் கொண்டுவந்து, விரல் அகல நாடாக்களாக வெட்டி, அலையலையாக அடுக்கினார். மேலே "கடல்" என்று சங்கிலித் தையல். லகரத்துக்குப் புள்ளி ஒரு பிரெஞ்சு முடிச்சு. கண்ணாடி போடவில்லை. துணியை மூக்கருகே கொண்டுபோய்த் தைத்தார், ஊசியையும் முதல் குத்திலேயே கோர்த்தார். எங்களில் நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் கையை நீட்டி நீட்டி ஊசிக் காதைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே எங்களுக்கும் கோர்த்துத் தந்தார்.

துணியை முற்றத்து வெயிலில் விரித்தபோதுதான் பார்த்தேன். ஆறு நாடாக்களில் மூன்று கருநீலம், இரண்டு சுத்தக் கறுப்பு, ஒன்று கத்தரிப்பூ நிறம். "நல்ல யோசனை ரீச்சர், ஆழத்துக்குக் கறுப்பு வைத்திருக்கிறீர்கள்" என்றாள் ஒருத்தி. ரீச்சர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கறுப்பா? எல்லாம் ஒரே நீலம்தானே" என்றார்.

அன்றைக்கே வீதியோரம் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொன்னேன். கல்முனையா, அக்கரைப்பற்றா என்று பஸ் முன்னால் வந்து நின்ற பிறகுதான் சொன்னார். கண்புரை.

நடப்பது இதுதான். நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் வளைந்து கொடுக்கும். நாற்பதை ஒட்டி இறுகத் தொடங்கும். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். இதுவே வெள்ளெழுத்து. இதிலிருந்து யாரும் தப்புவதில்லை. கண்ணாடி போடாமல் பிடிவாதம் பிடித்தால் நின்றுவிடுவதும் இல்லை, போட்டதால் கூடுவதும் இல்லை. அறுபதுக்கு மேல் அதே வில்லையின் நடுப்பகுதி தடித்து மஞ்சளிக்கும் ஒருவகைக் கண்புரை வரும்போது, வில்லையின் பவர் கூடிப்போகிறது. கண் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறுகிறது. தூரம் மங்க, கிட்டம் தெளிகிறது. பத்து வருடமாகக் கண்ணாடி தேடியவர் திடீரென்று வெறுங்கண்ணால் ஊசி கோர்க்கிறார். வீட்டில் எல்லோரும் "நம் அம்மம்மாவுக்குக் கண் திரும்பிவிட்டது" என்று மகிழ்கிறார்கள். கண்புரை முற்ற முற்ற அந்தக் கிட்டப் பார்வையும் போய்விடும். மஞ்சளித்த வில்லை நீல ஒளியைத் தடுப்பதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடுகின்றன. பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்கும் இப்படி நிறம் மாறிப்போய், 1923இல் கண்புரை எடுத்தார்கள். ரீச்சருக்கு இதைச் சொன்னபோது, நல்ல கூட்டாளிதான் கிடைத்திருக்கிறார் என்றார்.

இதே மாதிரி இன்னொரு மயக்கம் சீனி வருத்தத்தில் வரும். இரத்தத்தில் சீனி ஏறினால் வில்லை நீரூறி, சில நாட்களிலேயே கிட்டம் தெளிந்து தூரம் மங்கலாம். சீனி இறங்கினால் மறுபடி மாறும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கண்ணாடி செய்தால் ஒரு மாதத்தில் அது பெட்டிக்குள் போய்விடும். ஒரு கடையில் இரண்டு மாதத்துக்குள் மூன்று கண்ணாடி செய்துகொடுத்திருந்தார்கள் ஓர் அம்மாவுக்கு. சீனி பார்த்தீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சீனி இருக்கிறவர்கள், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பிக்க வேண்டும். அங்கே தொடங்கும் பழுது வெகுநாள் வரை ஊசி கோர்ப்பதைத் தடுக்காது.

தைக்கிறவர்களுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியது தூரக் கணக்கு. வாசிப்புக் கண்ணாடியைப் பெரும்பாலும் 40 சென்ரிமீற்றர் தூரத்துக்குத்தான் எழுதுவோம். 100ஐ 40ஆல் வகுத்தால் 2.5, அந்தத் தூரத்துக்குக் கண் கேட்கும் பவர் அது. துணியை 25 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் கேட்பது 4. ஆகவே புத்தகத்துக்குச் சரியான கண்ணாடி ஊசிக்குச் சரிவராது. கண்ணாடி பிழை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் பலரின் கண்ணாடி பிழையில்லை, தூரம்தான் பிழை. வருவதற்கு முன் வீட்டில் நீங்கள் வழக்கமாகத் தைக்கும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து துணிவரை யாராவது ஒருவரைத் தையல் நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை கேள்வி கேட்டாலும் எனக்கு அவ்வளவு சரியாகக் கிடைக்காது.

மற்றவை சின்ன விஷயங்கள். வெளிச்சம் எழுதாத கைப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் தையல்மேல் விழும். குயில்ட் ஊசிகளில் இலக்கம் கூடக் கூட ஊசி சிறுத்துப் போகும். பன்னிரண்டை வாங்கி வைத்துக்கொண்டு வீறாப்புக் காட்ட வேண்டாம், எட்டுப் போதும். எழுத்தை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண இரண்டும் அதற்குக் கீழே சங்கிலித் தையலில் ஒன்றாகிவிடும், பிறகு தலைப்பும் வேறாகிவிடும்.

கண்புரை எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: நான் தைக்கிறவள். உள்ளே வைக்கும் செயற்கை வில்லையின் பவரை முன்கூட்டியே அளந்து தெரிவு செய்கிறார்கள்; பெரும்பாலும் தூரம் தெளிவாகத் தெரியும்படிதான். அப்படி வைத்தால் வெறுங்கண்ணால் ஊசி கோர்த்த காலம் அன்றோடு முடிகிறது. பஸ் பலகை தெரியும், ஊசிக் காதுக்குக் கண்ணாடி வேண்டும். இதை முதலில் தெரிந்துகொள்ளாதவர்கள் நல்ல ஒப்பரேஷனையும் கெட்டது என்பார்கள்.

ரீச்சருக்கு வலது கண் முடிந்துவிட்டது. கட்டு அவிழ்த்துச் சில நாட்கள் கழித்து விறாந்தைக்கு வந்தவர், தன் கடலை எடுத்து மடியில் விரித்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இப்படி நாலைந்து தரம். "இந்தக் கண்ணுக்கு ஆறும் ஒரே தண்ணீர். அந்தக் கண்ணுக்கு நடுவில் இரண்டு தார் றோட்டு" என்றார். கறுப்பைப் பிரித்துவிடட்டுமா என்று கேட்டோம். இடது கண்ணுக்கும் திகதி கிடைத்திருக்கிறது. அதுவும் முடியும்வரை ஒரு தையலிலும் கை வைக்கக் கூடாது என்று துணியை மடித்து வைத்துவிட்டு, எங்களிடம் ஊசியை நீட்டினார், கோர்த்துத் தரச் சொல்லி.