வீடியோ போனைப் பதிவேட்டில் என்ன பெயரில் ஏற்றுவது?

போன மாதம் எங்கள் சங்கத்துக்கு இரண்டு வீடியோ போன் வந்தது. ஒன்று நாகர்கோவில் தலைமை அலுவலகத்துக்கு, இன்னொன்று குலசேகரம் கிளைக்கு. பெட்டியைப் பிரித்து, கேபிளை மாட்டி, அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசி முடிக்க அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ஆனால் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற எனக்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

எங்கள் பதிவேடு தொடக்கத்திலிருந்தே தமிழில்தான். பழைய பக்கங்களைப் புரட்டினால் "தொலைபேசிக் கருவி - 1" என்று யாரோ ஒருவர் மைப்பேனாவால் அழகாக எழுதியிருக்கிறார். சில பக்கம் தள்ளி "தொலைநகல் எந்திரம்". அப்புறம் "கணிப்பொறி", அவருக்குப் பின் வந்தவர் கையெழுத்தில் "கணினி". இந்த வரிசைக்குக் கீழே "வீடியோ போன் - 2" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பெயர் வைப்பதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். பார்வைக்கு மேசையில் வைக்கும் சாதாரண போன் மாதிரிதான், இடப்பக்கம் சுருள் வயரோடு ரிசீவர், ஆனால் எண்களை அழுத்துகிற இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடுகிற அளவுக்கு ஒரு தொடுதிரை, அதன் நெற்றியில் சின்னதாக ஒரு கேமரா. கேமராவுக்கு ஒரு நகர்த்து மூடி உண்டு, தள்ளினால் கண்ணை மூடிக்கொள்ளும். பெட்டிக்குள் அடாப்டரைத் தேடித் தேடிக் களைத்தோம், கிடைக்கவில்லை. மாட்ட வந்த தம்பி சிரித்தார். பேச்சும் படமும் போகிற அதே நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வந்துவிடுமாம், சுமார் 48 வோல்ட். இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. பழைய லேண்ட்லைன் போனுக்கும் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து கம்பி வழியே 48 வோல்ட்தான் வரும், அதனால்தான் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அந்த போன் மணி அடிக்கும். புதியதற்கு மின்சாரம் நம்ம அலுவலகத்து நெட்வொர்க் சுவிட்சிலிருந்தே (கேபிள்களையெல்லாம் இணைக்கிற பெட்டி) வருகிறது, கரண்ட் போனால் அதுவும் போச்சு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலையும் அதற்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாள்களையும் கண்ட ஊர் இது, ஆகவே யுபிஎஸ் வாங்கச் சொல்லி முதல் நாளே குறிப்பு எழுதிவிட்டேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று செயலாளரிடம் கேட்டேன். கைபேசி ஆளுக்குச் சொந்தம், இது மேசைக்குச் சொந்தம் என்றார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே எண், ஐந்து மணிக்கு யார் பையிலும் ஏறி வீட்டுக்குப் போகாது. சரிதான்.

முதல் நாள் குலசேகரம் கிளையிலிருந்து அக்கா பேசினார். "சாரே, ஒங்க மொகம் காணல்ல, மேல கறங்குத ஃபேன்தான் காணுது." கேமராவைச் சாய்த்தேன். "இப்பம் மொகம் காணுது, ஆனா கரிக்கட்ட மாதிரி இருக்கு." என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், வெயில் முழுக்க அங்கிருந்து வருகிறது, கேமரா வெளிச்சத்துக்குச் சரிசெய்துகொண்டு என் முகத்தை இருட்டாக்கிவிட்டது. மேசையைத் திருப்பிப் போட்ட பிறகுதான் முகம் தெளிந்தது. குரல் மட்டும் முதலிலிருந்தே பிரமாதம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் கடத்தும். இதில் 7000 வரை போகிறது, அக்காவுக்குப் பின்னால் மழை ரப்பர் இலையில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது.

அவர் வாயிலிருந்து வந்த அந்தக் "காணுது" என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீடியோ என்பது லத்தீன். 'விதேரே' என்றால் காணுதல், அதில் 'விதெயோ' என்றால் "நான் காண்கிறேன்". கேட்பதற்கு ஆடியோ என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால், 1930களில் தொலைக்காட்சி வேலையில் இருந்தவர்கள் படப் பகுதியைக் குறிக்க அதே அச்சில் வீடியோ என்று ஒன்றை வார்த்துக்கொண்டார்கள். இந்த லத்தீன் வேரும் சமஸ்கிருத 'வித்' என்ற வேரும் உடன்பிறப்புகள், ஒன்றில் காண்பது, இன்னொன்றில் அறிவது. அந்த வகையில் வேதமும் வித்தையும் வீடியோவுக்குத் தூரத்துச் சொந்தம். போன் கிரேக்கம், 'ஃபோனே' என்றால் குரல், ஓசை. ஆக வீடியோ போன் என்பது பாதி லத்தீன் பாதி கிரேக்கம் என்று ஒட்டுப் போட்ட சொல், பிரித்தால் "நான் காண்கிறேன் குரல்". இங்கிலீஷ்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. நாம் ஒரு தமிழ்ச்சொல் செய்தால் மட்டும் எல்லாருக்கும் இலக்கண நினைவு வந்துவிடும்.

பொருள் புதிதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் இதைக் காட்டியது, பெயர் பிக்சர்போன். 1970இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் வாடகைக்கு விட்டார்கள், மாதம் 160 டாலர், அந்தக் காலத்து 160 டாலர். விலையும் அதிகம், வாங்கினாலும் எதிர்ப்பக்கம் யாரிடமும் இல்லை. யார் முகத்தைப் பார்ப்பது? சில வருஷத்தில் படுத்துவிட்டது. அதற்கும் முன்னால் 1936இலேயே ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் நடுவில் பொதுமக்கள் காசு கொடுத்து முகம் பார்த்துப் பேசும் கூண்டுகளை அங்கத்து அஞ்சல் துறை திறந்திருக்கிறது.

எனக்கு வழி காட்டியது அந்த ஜெர்மன் சேவையின் பெயர்தான். ஜெர்மன்காரர்கள் டெலிபோனை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 'ஃபெர்ன்ஷ்ப்ரெஷர்' என்று எழுதினார்கள். ஃபெர்ன் என்றால் தொலைவு, ஷ்ப்ரெஷர் என்றால் பேசுவது. எழுத்துக்கு எழுத்து நம்ம தொலைபேசி! தொலைக்காட்சிக்கு 'ஃபெர்ன்சேஹென்', தொலைவில் காணுதல். 1936 சேவைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபெர்ன்சே-ஷ்ப்ரெஷ்-தீன்ஸ்ட்', அதாவது தொலை, காண், பேசு, கடைசியில் சேவை. பக்கத்தில் இருக்கிற சொற்களை எடுத்துக் கோத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே கிரேக்கத்தையும் லத்தீனையும் யாரும் தேடிப் போகவில்லை.

தமிழுக்கு வருவோம். முதலில் 'பேசி'. போன் என்றால் குரல்தானே, பேசி என்று எப்படி வைத்தார்கள், கருவியா பேசுகிறது, நாம் அல்லவா பேசுகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மண்வெட்டியைப் பார்க்கட்டும், எங்கள் ஊரில் மம்பட்டி. மண்ணை வெட்டுவது ஆள், ஆனால் பெயர் கருவிக்கு. வடிகட்டி, துருவி, எல்லாம் இப்படி வினையோடு ஓர் இகரத்தைச் சேர்த்துச் செய்த கருவிப் பெயர்கள்தான். பேசு, பேசி. அது பிள்ளை குட்டி பெற்றுக் கைபேசி, அலைபேசி, செல்லிடப்பேசி, திறன்பேசி என்று குடும்பம் பெருகிவிட்டது. ஆகவே பின்பாதியில் குழப்பமே இல்லை.

சண்டை எல்லாம் முன்பாதியில்தான். காணொளியா, காணொலியா? அரசுச் செய்திக் குறிப்புகளில் "காணொலிக் காட்சி வாயிலாக" என்று வரும், பத்திரிகைகளிலும் இணையத்திலும் இரண்டும் கலந்து கிடக்கும். காண் + ஒளி என்பவர்கள், படம் என்பது ஒளிதானே என்கிறார்கள். காண் + ஒலி என்பவர்கள், படமும் சத்தமும் சேர்ந்தால்தான் வீடியோ, ஆகவே காண்பதும் ஒலியும் என்று வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் குறை தெரிகிறது. காணொளி என்றால் காணும் ஒளி, ஒளியைக் காணாமல் வேறு எதைக் காண்பது? காணொலி என்றால் காணும் ஒலி என்றே முதலில் காதில் விழுகிறது, ஒலியை யார் கண்டார்கள்? இதை எப்படி எழுதுவது என்று நான் அந்தப் புது போனிலேயே அக்காவைக் கேட்டேன், "காணொளி" என்றார், எந்த ளி என்றேன், "நாக்க மடக்குத ளி" என்றார். முகம் தெரிகிறது, நாக்கு தெரியவில்லையே.

தமிழ் விக்கிப்பீடியாவில் நிகழ்படம் என்று எழுதுகிறார்கள், நல்ல சொல், ஆனால் நிகழ்படப்பேசி என்றால் வாய் நிறைந்துவிடுகிறது. விழியம் என்றும் சிலர் எழுதுகிறார்கள், விழியப்பேசி கேட்க அழகாக இருந்தாலும் செயலாளரிடம் கையெழுத்துக்கு நீட்டினால் கண் டாக்டர் சாமானா என்று கேட்பார். ஒளிப்பேசி என்றால் டார்ச் வைத்த போன். காட்சிப்பேசி பரவாயில்லை, அரை நாள் அதோடு இருந்தேன்.

இந்தச் சொற்கள் எதுவும் சரியாக உட்காராததற்குக் காரணம் வேறு என்று அப்புறம்தான் பட்டது. வீடியோ என்ற சொல் நம்மிடம் வந்தது கேசட்டோடு. கல்யாண வீட்டில் பளீரென்று லைட்டைப் பிடித்துக்கொண்டு "வீடியோ எடுக்கிறவர்" வருவார், இன்றும் தமிழனுக்கு வீடியோ என்றால் எடுத்து வைத்துப் பிறகு பார்ப்பது. மேசையில் இருக்கிற இந்தக் கருவியில் நாம் எதையும் எடுத்து வைப்பதில்லை. பேசுகிறோம், பேசும்போது ஆளைக் காண்கிறோம், வைத்தால் முடிந்தது. ஆக இங்கே வீடியோவைத் தமிழாக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்போதுதான் அக்காவின் "காணுது" திரும்ப வந்தது. வேறு மாவட்டத்து ஆட்கள் "பார்த்தியா" என்று கேட்கிற இடத்தில் எங்கள் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் "கண்டியா" என்போம். வேறு ஊர்களில் 'காணோம்', 'காணவில்லை' என்று இல்லாததைச் சொல்ல மட்டும் ஒதுங்கிப்போன அந்தக் காண், இங்கே அன்றாடம் சந்தைக்கும் பள்ளிக்கும் போய் வருகிறது. காண், பேசி. காண்பேசி. மூன்றசைச் சொல், கைபேசிக்குப் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி நிற்கிறது, நடுவில் ப் போடலாமா வேண்டாமா என்ற தலைவலியும் இல்லை. இதை எனக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவருக்கே பெருமை போகட்டும்.

கருவிக்குப் பெயர் ஆச்சு. அதில் வரும் அழைப்புக்கு? வீடியோ காலை "காணொலி அழைப்பு" என்று எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் போனில் யாரும் அழைப்பதில்லை, விளிப்பார்கள். "பொறவு விளிக்கேன்", "நேத்து விளிச்சனே, ஏன் எடுக்கல்ல?" மலையாளத்தின் சாயல் என்று நாகர்கோவிலிலேயே சிலர் கிண்டல் செய்வார்கள். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்தின் நான்காம் இயல் பெயரே விளிமரபு, பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்று படித்துவிட்டுத்தான் இந்தக் கிண்டல். அந்த நூல் அரங்கேறியபோது கேட்டவராகப் பாயிரம் சொல்லும் அதங்கோட்டாசான், விளவங்கோடு வட்டத்து அதங்கோட்டுக்காரர்தான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. ஆகவே எனக்கு அது காண்விளி. (விளிதல் என்றால் இறத்தல் என்றும் பொருள் உண்டு, உண்மைதான். தொலைதலுக்கும் அழிதல் என்று பொருள் உண்டு, அதற்காகத் தொலைபேசியை யாரும் விட்டுவிடவில்லை.)

கடைசியாக ஒன்று. இது மேசையில் வைக்கிற வகை, சுவரிலும் கதவிலும் மாட்டுகிற வகைகளும் இருக்கின்றன, பதிவேட்டில் பிரித்துக் காட்ட வேண்டும் என்று மேசைக் காண்பேசி என்று எழுதினேன். எழுதிய பிறகு உறைத்தது, மேசை போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல், அவர்கள் வாயில் 'மேசா'. மூன்று நாள் யோசித்து வீடியோவை வாசலோடு அனுப்பிவிட்டு, போர்த்துக்கீசியரை உள்ளே உட்கார வைத்திருக்கிறேன். அலமாரியும் சாவியும்கூட அவர்களோடு வந்ததுதான், அந்தப் பதிவேட்டையே நான் அலமாரியில் வைத்துச் சாவி போட்டுத்தான் பூட்டுகிறேன். இருக்கட்டும், நூற்றாண்டுகளாக நம்மோடு இருக்கிறார்கள்.

"மேசைக் காண்பேசி (வீடியோ போன்) - 2" என்று எழுதிச் செயலாளரிடம் நீட்டினேன். படித்தார், ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டார். மாலையில் குலசேகரத்துக்கு விளித்து, கிளைப் பதிவேட்டிலும் இதே பெயரில் ஏற்றிவிடுங்கள் என்றேன். அக்கா திரையில் சிரித்தார். "அது வந்த அன்னைக்கே எழுதியாச்சு சாரே, 'மொகம் காணுத போண் - 1'ன்னு."