எங்கே படுத்தீர்கள் என்று சொல்லுங்கள்: கேம்ப் போகிறவர்களுக்கு ஒரு மருத்துவரின் குறிப்புகள்

கேம்ப் போகிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. டார்ச், கயிறு, தீப்பெட்டி, பேண்டேஜ், பாராசிட்டமால். யார் போனாலும் அதே பட்டியல்தான். வடசென்னையில், வண்ணாரப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. பைக்கில் ஆந்திரா பக்கம் நாகலாபுரம் மலைக்குப் போய்வந்த பையனும், ஏலகிரியில் வாடகை டென்ட்டில் தங்கிய தம்பதியும், பெரியபாளையத்தில் ஆடிப் பொங்கல் வைத்து இரவு தங்கிவிட்டு வந்த பாட்டியும் ஒரே தொந்தரவோடு வருவதில்லை. எப்படிப் போகிறோம், எங்கே படுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் என்ன வரும் என்பது.

முதலில் பைக் கூட்டம். விடிவதற்கு முன்னால் மூலக்கடையில் சேர்ந்து, ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து, செங்குன்றம் தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் போகிறவர்கள். இல்லையென்றால் நேராக, அதுவும் ஆந்திராவில் இருக்கும் தடா. இவர்கள் என்னிடம் பாம்பு, கரடி பற்றித்தான் கேட்பார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்வேன். மலைக்குட்டைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், ஆழம் மட்டும் தெரியாது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் கடலில் குதித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்ற தைரியம் உண்டு. ஆனால் உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் தூக்காது. பாசி பிடித்த பாறையில் ஏறவும் பிடி கிடைக்காது. குடித்துவிட்டு இறங்குகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே, மேலே பெய்த மழை ஓடையில் வெள்ளமாக வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். டென்ட்டையும் ஓடைப் படுகையில் போடாதீர்கள், மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் சரி.

வனத்துறை அனுமதி வாங்கச் சொன்னால் பலருக்கு எரிச்சல் வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அனுமதியோடு, வழிகாட்டியோடு போனால், நீங்கள் எந்தப் பாதையில் இருக்கிறீர்கள் என்பது வெளியே ஒருவருக்காவது தெரியும். தமிழ்நாட்டுக் காடுகளுக்கு 'டிரெக் தமிழ்நாடு' என்று அரசே 2024-இல் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

இவர்களிடம் நான் அதிகம் பயப்படுவது திரும்பி வந்த பிறகு வரும் காய்ச்சலுக்கு. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி. "டெங்கு டெஸ்ட் எடுத்துட்டேன் டாக்டர், இல்லைன்னு வந்துடுச்சு" என்பார்கள். கேம்ப் போனதைச் சொல்லவே மாட்டார்கள். அது முடிந்துபோன விஷயம் என்று நினைப்பு. சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குள், தொடையிடுக்கு, பெல்ட் இறுக்கும் இடம், பெண்களுக்கு மார்புக்குக் கீழ் என்று மடிப்பு மடிப்பாகத் தேடுவேன். சிலரிடம் அங்கே இருக்கும்: சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கறுப்பாகப் பக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் இவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

இது ஸ்கிரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. தமிழ்நாட்டில் இது அரிதே இல்லை, மழைக்காலத்திலும் அதற்குப் பின் வரும் குளிர் மாதங்களிலும் கூடுதல். டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை நன்றாகக் கேட்கும். கடைக்காரரிடம் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். நாள் கடத்தவும் கடத்தாதீர்கள். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். கறுப்புப் பக்கு எல்லோருக்கும் இருக்காது என்பதால் உங்கள் வாய்ச்சொல்தான் மருத்துவருக்குத் துப்பு. போய்வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் முதல் வார்த்தையாக, "இந்த ஊரில், புல் தரையில் படுத்தேன்" என்று சொல்லுங்கள். கலங்கிய தண்ணீரில் இறங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலும் இதே மாதிரிதான் தொடங்கும். போகும்போது முழுக்கை, முழுக்கால் உடை, பேண்ட்டின் முனை சாக்ஸுக்குள். ஓடோமாஸ் மாதிரி ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். புல்லில் நேராக உட்காராமல் விரிப்பு போடுங்கள். வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை அன்றே வெந்நீரில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, எல்லாம் தயாராக இருக்கும் டென்ட்டில் போய்த் தங்குகிறவர்கள். மெத்தை, லைட், ராத்திரிக்குப் பார்பிக்யூ. அந்த அடுப்பில்தான் ஆபத்து. மழை தூறும், குளிரும், அணைந்தது போலத் தெரியும் கரி அடுப்பைக் கதகதப்புக்காக உள்ளே இழுத்து வைத்து, ஜிப்பை மூடிவிடுவார்கள். புகை இல்லாவிட்டாலும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், அப்புறம் தூக்கத்திலேயே மயக்கம். கொடைக்கானலில் அறைக்குள் வைத்த பார்பிக்யூ அடுப்பால் இளைஞர்கள் உயிரிழந்த செய்தி 2024-இல் வந்தது.

ஒரே டென்ட்டில் படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலியும் வாந்தியும் வந்தால், சிக்கன் சரியில்லை, சரக்கு சரியில்லை என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரையும் திறந்த வெளிக்கு இழுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்ப வேண்டாம். இந்த வாயுவால் மூச்சு முட்டுகிறவருக்கும் அது 98 என்று காட்டும். கரி, விறகு, கேஸ் ஸ்டவ், எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம். குளிருக்குக் கம்பளி போதும்.

பெரியபாளையம் போகிறவர்கள் தங்களைக் கேம்ப் போகிறவர்களாக நினைப்பதில்லை. ஆனால் ராயபுரத்திலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் ஆடி ஞாயிறுக்குக் குடும்பத்தோடு பவானி அம்மன் கோயிலுக்குப் போய், கிடைத்த இடத்தில் பாய் விரித்துப் படுத்து, காலையில் பொங்கல் வைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. தரையில் படுக்கிறவர்களுக்கு நான் சொல்வது கட்டுவிரியனைப் பற்றி. அது இரவில் உலாவும் பாம்பு. தூங்குகிறவரைக் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, கண் இமையைத் தூக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை. அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சுத் தசையும் நின்றுவிடும். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது, பாம்பை அடித்து எடுத்து வருவது, இது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் கொசுவோடு பாம்பும் உள்ளே வராது. மிச்சச் சோறைப் படுக்கும் இடத்தருகே கொட்டாதீர்கள். சோற்றுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

பாட்டியின் இன்சுலின் வேன் டேஷ்போர்டில் வெந்துவிடும். ஈர மணல் நிரப்பிய பானைக்குள் சின்ன மண்சட்டியை வைத்து, அதில் மருந்தைப் போட்டு மூடி நிழலில் வையுங்கள்.

வெள்ளியங்கிரி, பர்வதமலை ஏறுகிறவர்களில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்த்து அளவைப் பேசிக்கொள்ளுங்கள். விரதமும் இருந்து, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் போட்டு, செங்குத்தாக ஏறினால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் குளுக்கோஸ் கொடுங்கள். சட்டைப்பையில் இருக்கட்டும், கீழே வரும் நண்பரின் மூட்டையில் வேண்டாம். வீட்டு மாடி ஏறும்போதே நெஞ்சு அடைக்கிறவர்கள் இதய மருத்துவரைப் பார்க்காமல் மலைப்படியில் கால் வைக்காதீர்கள். ஏறும்போது நெஞ்சில் பாரம் வந்தால் வாயு என்று சொல்லி இன்னும் ஒரு மலை பார்க்காமல் உட்காருங்கள், கூட இருப்பவர்கள் இறக்கிவிடட்டும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூட கேம்ப்புக்கோ சாரணர் முகாமுக்கோ அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீசிங், வலிப்பு, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். தெரிந்தால் அழைத்துப் போக மாட்டார்கள் என்று பயந்து மறைக்கிற அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் ஒன்று ஆசிரியரிடம் இருக்கட்டும், இன்னொன்று பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். பற்றவைத்த தீயைச் சுற்றி எல்லோரும் உட்காரும்போது அந்தப் பிள்ளையைப் புகை வராத பக்கம் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.