அடி விழுவது காதில்தான்

சண்டைக் காட்சியில் ஹீரோவின் கை பெரும்பாலும் வில்லனின் தாடையைத் தொடுவதே இல்லை. சில அங்குலம் தள்ளித்தான் போகும். கேமரா கோணம் அந்த இடைவெளியை மறைத்துவிடும். அடி வாங்குபவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். இரண்டு பேர் காற்றில் கை வீசிக்கொண்டிருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

நிஜக் குத்துக்கு அப்படியொன்றும் பெரிய சத்தம் கிடையாது. 'தொப்'பென்று மங்கலாகக் கேட்கும், அவ்வளவுதான். அதனால் சினிமாக் குத்தைத் தனியாகத் தயாரிக்கிறார்கள். 1981இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், தோல் ஜாக்கெட்டுகளைக் குவித்துப் போட்டு பேஸ்பால் மட்டையால் அடித்துப் பதிவு செய்தார். எலும்பு முறிய வேண்டுமென்றால் ஃபோலி கலைஞர்கள், அதாவது படத்துக்கான சத்தங்களை ஸ்டுடியோவில் கையால் உண்டாக்குபவர்கள், செலரிக் கீரையின் தண்டை மைக் பக்கத்தில் வைத்து ஒடிப்பார்கள். நம் பழைய படங்களின் 'டிஷ்யூம்' இப்போது கேலிப்பொருளாகிவிட்டது. ஆனால் அது செய்ததும் இதே வேலைதான்.

ஒரே குத்தில் பல ஒலிகள் அடுக்கப்பட்டிருக்கும். கை காற்றைக் கிழிக்கும் 'விஷ்', அப்புறம் கூர்மையான ஒரு 'சடக்', அதற்கு அடியில் கனமான 'தும்'. அடி எப்போது விழுந்தது என்பதைச் சடக் சொல்கிறது. எவ்வளவு பலமாக விழுந்தது என்பதைத் தும் சொல்கிறது.

சரி, மூளை இதை ஏன் நம்புகிறது? ராபர்ட் செகுலரும் சக ஆய்வாளர்களும் 1997இல் 'நேச்சர்' இதழில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிரே வந்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, மறுபக்கம் போகின்றன. சத்தமில்லாமல் காட்டினால், அவை ஒன்றையொன்று ஊடுருவிப் போனதாகத்தான் பெரும்பாலும் தெரியும். இரண்டும் சேரும் நொடியில் 'டிக்' என்று ஒரு சின்ன ஒலி சேர்த்தால், மோதித் திரும்பியதாகத் தெரிகிறது! படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒலியை அதிகம் முன்னே பின்னே தள்ளினால் இந்த மாயம் குறைந்துவிடும். நேரத்தைத் துல்லியமாகப் பிடிப்பதில் கண்ணைவிடக் காது கெட்டி. அதனால் 'எப்போது' என்ற கேள்விக்கு மூளை காதின் பேச்சைத்தான் அதிகம் கேட்கிறது.

இசையின் வேலை வேறு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு. அந்தத் துடிப்பு உடம்பில் ஏறியதும் அடுத்த தட்டை நாமே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவோம். ஆனால் டிரம்மும் வெடிச்சத்தமும் ஒரே தாழ்ந்த அதிர்வெண்ணில் மோதினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். யாராவது வழிவிட்டாக வேண்டும். ஒரு நொடிகூட ஓயாமல் பிஜிஎம் முழங்கும் சண்டைகள் சலிப்பூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

வழிவிட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரின். 1968இல் வந்த 'புல்லிட்' படத்தில், சான் பிரான்சிஸ்கோ மேட்டுச் சாலைகளில் ஒரு மஸ்டாங் காரும் ஒரு டாட்ஜ் சார்ஜர் காரும் மெதுவாக ஒன்றையொன்று வட்டமிடும்வரை அவருடைய ஜாஸ் இசை பதுங்கிப் பதுங்கிக் கூடவே வருகிறது. சார்ஜரை ஓட்டுபவன் சீட் பெல்ட்டை மாட்டுகிறான். டயர் கிறீச்சிடுகிறது. இசை நின்றுவிடுகிறது. அப்புறம் துரத்தல் முடியும்வரை இன்ஜின் உறுமலும் டயர் சத்தமும்தான். கியர் மாறும்போது இறங்கி ஏறும் அந்த உறுமலே தாளமாகிவிடுகிறது. இசை ஓடியிருந்தால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வெறும் அமைதியையே ஆயுதமாக்கியவரும் உண்டு. அது மறுபடியும் பென் பர்ட். தொடர்ந்து சத்தம் கேட்டால் காது பழகிவிடும். அதற்குமேல் எவ்வளவு கூட்டினாலும் உறைக்காது. 2002இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் விண்வெளிக் குண்டு வெடிக்கும்போது மொத்த ஒலியையும் அவர் ஒரு கணம் வெட்டிவிட்டார். கண் வெடிப்பைப் பார்த்துவிடுகிறது, காதுக்கு ஒன்றுமே வரவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பியைச் சுண்டியதுபோல அந்தச் சத்தம் வந்து அறைகிறது. விண்வெளியில் ஒலி பரவக் காற்றே கிடையாதே என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.