காலனி: குடியேற்றமா, குடியிருப்பா?

காலனி என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதற்கு முன் எழுத்துப் பிழையை முடித்துவிடுவோம். காலனி வேறு, காலணி வேறு. மூன்று சுழி ‘ணி’ போட்டால் கால் + அணி, அதாவது செருப்பு. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பெயர்ப்பலகை ஒரு தெருவையே செருப்பாக்கி வைத்திருக்கும்.

சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. கொலோனுஸ் என்றால் உழவன். கொலெரெ என்றால் உழுதல், பேணுதல். ரோமானியர் தாங்கள் வென்ற நாட்டில் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடிவைத்த ஊருக்கு கொலோனியா என்று பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரம் அப்படிப் பெயர் பெற்றதுதான். காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறோமே, அந்த யூடிகோலனில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அந்த ஊரின் பெயரே. அக்ரிகல்ச்சரின் பின்பாதிக்கும் இதே வேர். ஆக, கலப்பையும் வாளும் பிறந்ததிலிருந்தே இந்தச் சொல்லுக்குள் சேர்ந்து இருக்கின்றன. ஐரோப்பியர் கடல் தாண்டி நாடு பிடிக்கக் கிளம்பியபோது வாள் முன்னுக்கு வந்தது. காலனி ஆட்சி, காலனியம் என்று நாம் சொல்வது அந்தப் பொருளில்தான்.

நீலகிரியில் இந்தச் சொல் இரண்டு முறை ஏறியது. முதல் முறை வெள்ளைக்காரரோடு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலைக்கு வந்தார். 1822-இல் ஊட்டியில் தனக்கு வீடு கட்டத் தொடங்கினார். ஊர்க்காரர் வாயில் அது கல் பங்களா. இன்றைக்கு அங்கே அரசு கலைக்கல்லூரி நடக்கிறது. அவர் வந்தபோது மலை காலியாகக் கிடக்கவில்லை. தோடர்களின் மந்து, கோத்தர்களின் கோக்கால், படுகர்களின் ஹட்டி என்று குடியிருக்கும் இடத்துக்கு ஆளுக்கொரு சொல் ஏற்கனவே இருந்தது. படுகர் என்ற பெயரே ‘வடக்கத்தியார்’ என்றுதான் பொருள்படும். மைசூர்ச் சீமையிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த கதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஒத்தைக்கல்மந்து என்ற தோடர் இடப்பெயர் துரைமார் நாக்கில் ஊட்டக்கமண்ட் ஆகி, பிறகு நம் கையில் உதகமண்டலம் ஆயிற்று. மந்து மண்டலமான கதையைத் தனியாகவே எழுதலாம்.

இரண்டாம் முறை ஏறியது இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களோடு. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகம் எனப்படும் இலங்கை மலைநாட்டின் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன, சொத்துப் பாகம் பிரிப்பதைப் போல. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பல குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தன. அவர்களுக்கு வேலை தரவென்றே வனத்துறை 1968-இல் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். அவர்களைக் குடிவைத்த இடங்களில் பலவற்றைக் காலனி என்றார்கள். சொல்லின் பழைய லத்தீன் பொருளுக்கு இவர்கள்தான் கச்சிதமாகப் பொருந்துகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: ரோமானிய வீரனுக்குக் கிடைத்தது சொந்த நிலம், இவர்களுக்குக் கிடைத்தது லைன் வீடும் கொழுந்துக் கூடையும்.

அரசுக் காகிதம் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்து, அதுவரை இந்தியாவைப் பார்த்தே இராத ஒருவர் எங்கே திரும்புவது? அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நமக்குக் கிடைத்திருப்பது குடி என்ற வேர். குடி என்றால் இன்றைக்கு டாஸ்மாக் நினைவுக்கு வருவது வேறு விஷயம். பழைய பொருள் குடும்பம், குலம், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்தாரைப் ‘பதியெழு அறியாப் பழங்குடி’ என்கிறது. ஊரை விட்டுக் கிளம்பியே அறியாத பழைய குடும்பங்கள் என்று பொருள். அன்று பெருநகரத்துக் குடும்பங்களைச் சொன்ன அந்தச் சொல்லை இன்று தோடர், இருளர், பணியர், குறும்பர் போன்றோருக்கு வைத்திருக்கிறோம். குடி வருவது, குடி வைப்பது, குடித்தனம் எல்லாம் இன்றும் வாயில் புழங்குகின்றன. குடி + ஏறு என்பதிலிருந்து குடியேற்றம். வேலூர்ப் பக்கத்துக் குடியாத்தம் இந்தச் சொல்லின் மரூஉ என்பார்கள்.

கூடலூர் வட்டத்தில் இதே சொல் மலையாளத்திலும் ஓடுகிறது. அவர்களுக்கும் குடியேற்றம்தான். ஆனால் பக்கத்திலேயே கையேற்றம் என்று இன்னொரு சொல் வைத்திருக்கிறார்கள்; நம் ஆக்கிரமிப்புக்குச் சமம். 1940-களின் உணவுப் பஞ்சக் காலத்தில் ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கத்தோடு கேரளத்திலிருந்து ஏறிய குடும்பங்களும், அப்புறம் வந்த இலங்கைத் தமிழரும், நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்த இடங்களில் பயிர் வைத்தார்கள். 1969-இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் இருப்பவர் தன்னைக் குடியேறியவர் என்பார், வனத்துறை ஆக்கிரமிப்பாளர் என்னும். கூடலூரில் ‘செக்‌ஷன் 17’ என்று சொன்னால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் கொலனி என்று எழுதுவார்கள். அங்கே குடியேற்றத் திட்டம் என்பது அரசே ஆட்களைக் கொண்டுவந்து ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகையை மாற்றும் வேலை என்று தமிழர் காதில் விழும். இங்கே நல்ல தமிழென்று நாம் நினைக்கும் சொல், மலையகத்திலிருந்து வந்த முதியவர் ஒருவருக்கு வேறு மாதிரிக் கேட்கலாம்.

காலனிக்கு இன்னொரு கறையும் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘காலனி ஆளு’ என்றால் அது முகவரி இல்லை, சாதி. அதனால்தான் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

ஆகவே ஒரே சொல்லால் மொத்தத்தையும் பெயர்க்க முடியாது. செயலைச் சொல்ல குடியேற்றம். வீடுகள் இருக்கும் இடத்துக்குக் குடியிருப்பு. பிற நாட்டை ஆள்வதற்குக் காலனியம் என்பதே இருக்கட்டும். குடியேற்றவாதம் என்று எழுதினால் பிழைக்க வந்த கூலிக் குடும்பமும் குற்றவாளி ஆகிவிடும். எஸ்டேட் லைன்களுக்கு வயநாட்டை ஒட்டிய பக்கங்களில் பாடி என்ற சொல் இருக்கிறது. ஆயர்பாடியில் வரும் அதே பாடி. புதுப்பெயர் தேடுகிறவர்கள் அதையும் ஒருமுறை யோசிக்கலாம்.